பத்துக் கோடு

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு முட்டிவலியில் ஆரம்பித்துச் சின்ன வயது விளையாட்டில் போய் நிற்கிறது. பல்லாங்குழி, கிட்டிப்புள், பாண்டி என்று ஆளாளுக்கு ஒன்றை எடுத்துவிடுகிறீர்கள். என் முறை வரும்போது நான் தேநீர் போட எழுந்து போய்விடுவேன். உட்கார்ந்திருந்தால், பசிபிக் பெருங்கடலில் போர் நடத்தினேன் என்று சொல்ல வேண்டிவரும். பதினொரு வயதில், ஏற்காட்டு மலையில், ஜப்பான் தரப்பில். சிரிப்பீர்கள். சிரித்து முடித்ததும் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடம் தேநீர் போட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், முடிக்கிறவரை யாரும் ஆறுதல் சொல்லாமல் இருந்தால் போதும்.

அப்பா நாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்புவது, மாலையில் அவர்கள் பறித்த பழத்தை நின்று அளப்பது அவர் வேலை. எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் நாங்கள் நான்கு பேர். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. மலைக் குளிர் என்று சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். காய்ச்சல் போய்விட்டது, போகும்போது இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் பஸ் நிற்கிற மேட்டுக்கு ஏற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்தான். அத்தோடு அவன் பள்ளிக்கூடம் நின்றது. குழாயடிக்குப் போய் வந்தாலே உதடு நீலமாகிவிடும்.

பங்களா முதலாளியின் மகன் மேல்படிப்புக்கு வெளிநாடு போனபோது அவன் அலமாரியைக் காலி செய்தார்கள். வேண்டாத சாமான்களிலிருந்து அப்பா ஒரு தட்டைப் பெட்டியை அண்ணனுக்காக எடுத்துவந்தார். திறந்ததும் பூஞ்சையும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை. உள்ளே மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தால் கட்டில் முழுவதையும் மூடிவிடும். எல்லாம் கடல், நடுநடுவே எள்ளு சிந்தினாற்போலத் தீவுகள், மேலே ஆறு மூலைக் கட்டங்கள். விரல் நகம் அளவில் நூற்றுக்கணக்கான அட்டைச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு படை. சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. அவற்றுக்குப் பதில் தோல் உரித்த காபிக் கொட்டையில் மசியால் எண் எழுதி வைத்தோம்.

விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்ததால் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் படித்துச் சொன்னேன். அதைப் படித்து முடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலமே ஆனது. தீவுகளின் பெயர் வாயில் நுழையவில்லை. ஒன்றுக்கு நாகலூர், ஒன்றுக்குத் தலைச்சோலை, இன்னொன்றுக்குக் கொட்டச்சேடு என்று வைத்தோம். டோக்கியோவைச் சேலம் ஆக்கினோம். அண்ணன் அமெரிக்கா. தீவு தீவாகப் பிடித்துக்கொண்டு சேலம்வரை போக வேண்டியது அவன் பாடு. இறங்க விடாமல் அடிப்பது என் பாடு.

கப்பல் சண்டையும் விமானச் சண்டையும் பகடையை இரண்டு உருட்டு உருட்டினால் முடிந்துவிடும். எங்களுக்குப் பிடித்தது தரைப்படை. அதை எங்கே நிறுத்துவது, எதோடு சேர்த்து அனுப்புவது, எப்போது இறக்குவது என்பதிலேயே ஒரு பகல் போய்விடும். ஒவ்வொரு படைக்கும் ஒரு துண்டுச் சீட்டு உண்டு. எந்தத் தீவில் இறங்கப்போகிறது என்று அதில் எழுதிவிட வேண்டும். சுற்றுக்கு ஒரு கோடு. பத்துக் கோடு நிறைந்தால் படை தயார், அந்தக் கரையை அது கண்ணை மூடிக்கொண்டு ஏறும். குறைவாக இருக்கும்போது இறக்கினால் பாதிப் பேர் தண்ணீரிலேயே போய்விடுவார்கள். இடையில் மனம் மாறி வேறு தீவை எழுதினால் போட்ட கோடெல்லாம் அழிந்துபோகும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தலைமையகத்தின் சதுரம் பக்கத்தில் இருந்தால் மட்டும் சுற்றுக்கு இரண்டு கோடு. சின்னத் தீவில் அளவுக்கு மேல் ஆளைக் குவித்தால் சோறில்லாமல் சாவார்கள். விமானத்தளம் போடுகிற பொறியாளர் படையை மறந்துவிட்டு இறங்கினால் பிடித்த தீவும் நிலைக்காது. இப்போதும் என்னை எழுப்பிக் கேட்டால் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன்.

அண்ணன் அவசரக்காரன். உடம்பு ஓட விடாததால் மனசு ஓடியது என்று இன்றைக்குத் தோன்றுகிறது, அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் நாலே கோட்டோடு இரண்டு படைகளைத் தலைச்சோலையில் இறக்கினான். நான் முந்தின சுற்றிலேயே அங்கே ஒரு படையைக் கவிழ்த்து ஒளித்து வைத்திருந்தேன். பகடை உருண்டது, அவன் இரண்டு படைகளும் கரையைத் தொடவில்லை. செத்த சதுரங்களைப் போடுகிற பவுடர் டப்பாவுக்குள் அவற்றைப் போட்டு மூடினான். எனக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

"என்ற தப்புத்தான் பாப்பா," என்றான். "பத்து ஆகறதுக்குள்ள எறக்கிப்புட்டேன்."

அம்மாவுக்கு அந்த வரைபடத்தைக் கண்டாலே ஆகாது. பையன் படுக்க வேண்டிய கட்டிலில் காகிதம் படுத்திருக்கிறது என்பாள். பகடையை உருட்டி உருட்டி அவன் நெஞ்சு படபடக்கிறது என்று அப்பாவிடம் புகார் சொல்வாள். அப்பா எந்தப் பக்கமும் பிடி கொடுக்க மாட்டார். அளப்புக் கொட்டகையில் நாற்பது பேரை அதட்டுகிறவர் வீட்டில் எதையும் முடிவு செய்ய மாட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்பது அவர் வாயில் ஒரு பாக்குத் துண்டு மாதிரி எப்போதும் இருக்கும்.

ஆவணியில் அண்ணனை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு செலவு கிடையாது. வயதான டாக்டர் ஒருவர் வெகுநேரம் அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வால்வைத் திறந்துவிட ஆபரேஷன் உண்டு, பையன் தாங்குவான், ஆனால் உடம்பைத் தயார் செய்துகொண்டு வரவேண்டும் என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, தவறக்கூடாது. நாலு கிலோவாவது எடை கூட வேண்டும். தை மாதம் சேர்த்துக்கொள்கிறேன், அதற்குள் இடம் கிடைத்தால் கடிதம் போடுகிறேன், உடனே வாருங்கள் என்றார். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று தெரிந்தே சம்மதிக்கிறேன் என்று ஒரு தாள் இருந்தது. அப்பா அதைப் படித்தார். வரும்போது கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் நான் ஒரு புதுச் சீட்டு எடுத்தேன். 'அண்ணன். இறங்குமிடம் மெட்ராஸ்' என்று எழுதினேன். ஊசி ஒன்று போட்டால் ஒரு கோடு, ஒரு கிலோ கூடினால் ஒரு கோடு. பழம் அளக்கிற தராசில் அவனை ஏற்றிப் பார்ப்பார் அப்பா. தலைமையகம் பக்கத்தில் இருந்தால் கோடு சீக்கிரம் ஏறும் என்று என் பாயை அவன் கட்டிலுக்குக் கீழே போட்டுக்கொண்டேன். இந்தச் சீட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. சரித்திரப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. ஒரு இடம் காலியாகிறது, பத்து நாளுக்குள் வரவும் என்று இருந்தது. என் சீட்டில் அப்போது ஆறு கோடு.

மலையில் வளர்ந்தவர்களுக்குக் கார்த்திகை என்றால் தெரியும். செடி முழுக்கப் பழம் சிவந்து நிற்கும், பறிக்காவிட்டால் உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் ரைட்டர் லீவு கேட்பது கல்யாண வீட்டில் சமையல்காரன் லீவு கேட்பது மாதிரி. ஆனாலும் முதலாளி போய்வரச் சொல்லிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. அண்ணன் அன்றைக்கே தன் இரண்டு சட்டையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தான். அம்மா கிளம்பத் தயாராக நின்றாள். அப்பா மட்டும் எடை இரண்டு கிலோதானே கூடியிருக்கிறது, டாக்டர் நாலு சொன்னாரே என்றார். அம்மா, வரச் சொன்னவரும் அதே டாக்டர்தானே என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அப்பா. இப்படியே ஐந்து நாள் போனது.

ஆறாம் நாள் காலையில், அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்று அப்பாவே சொன்னார். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போவதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை இது உண்டு. ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுத்துத் தரும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் பொறுத்திரு. அம்மா மறுக்கவில்லை. சாமி தடுக்காது என்று அவ்வளவு நம்பினாள். குழந்தை என்று என்னை நிறுத்தினார்கள்.

எஸ்டேட் எல்லையில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு எஸ்டேட் ஜீப்பில் போனோம். பூசாரியும் பழம் பறிக்கப் போயிருந்தார், சீசனில் அவருக்கும் அதுதான் சோறு. அதனால் அப்பாவே கோயிலுக்குப் பின்னால் போய்ப் பொட்டலம் கட்டினார். அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ஜீப்பை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"பாப்பா, வெள்ள எடு."

"எது வெள்ளைன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"நான் கவுத்து வெக்கிற படையெல்லாம் உனக்குத் தெரியுதில்ல? அப்படிப் பாத்து எடு. என்னால முடியல பாப்பா. படுத்தா மூச்சு நிக்கிறாப்பல இருக்குது. அம்மாகிட்டச் சொல்லாத."

நான் தலையாட்டினேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தலைச்சோலை. இதே அவசரம். நாலு கோட்டில் இறக்கிவிட்டுத் தப்பு என்னுடையது என்றவன் இன்றைக்கு ஆறில் இறங்கப் பார்க்கிறான். ஆறில் இறங்கினால் தண்ணீரிலேயே போய்விடுவான். அவனுக்குப் பொறுமை கிடையாது, நான்தான் அவனைக் காப்பாற்ற வேண்டும். நண்பர்களே, இதை நான் எவ்வளவு அன்போடு நினைத்தேன் தெரியுமா?

கற்பூரம் எரிந்தது. வாழை இலையில் நார் சுற்றிய இரண்டு பொட்டலம். கவிழ்த்த சதுரங்களில் எதன் ஓரம் தூக்கியிருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு. வலது பக்கத்துப் பொட்டலத்தில் இலை மடிப்பு சரியாக விழவில்லை. அங்கே அரளிப் பூவின் நுனி, ஒரு குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாகத் தெரிந்தது. நான் சிவப்பை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா இரண்டாவது பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார், அதுதான் முறை என்றார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். சாமி பேசிவிட்ட நிம்மதி என்று அப்போது நினைத்தேன். ஜீப்பில் அண்ணன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, தை பக்கத்தில்தானே என்றான்.

அதற்குப்பின் அவன் ஆட்டமே மாறிவிட்டது. கொட்டச்சேட்டைப் பிடிக்க மூன்று படைகளை ஒதுக்கினான். பொறியாளர்களைச் சேர்த்தான், தலைமையகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். பத்து ஆகிறவரை அசையவே இல்லை. நான் வேண்டுமென்றே வழியைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இறங்கவில்லை. தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்தபடி, ஒரு கோடு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். பகடையை நான் உருட்டி எண்ணைச் சொல்லுவேன்.

மார்கழி மத்தியில் பனி விடாமல் இறங்கியது. அவனுக்கு இருமல் பிடித்தது. இரண்டு நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தான். மூன்றாம் நாள் காலையில் கால் வீங்கி, பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. அப்பா கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். ஜீப்பில் பழ மூட்டை ஏற்றியிருந்தார்கள், அவரே மூட்டையை இழுத்து இழுத்துத் தரையில் தள்ளினார். மூட்டை பிரிந்து பழம் முற்றமெல்லாம் ஓடியது. அண்ணனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவரும் அம்மாவும் சேலத்துக்கு இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னை விட்டுப்போனார்கள்.

நான் உள்ளே ஓடிப்போய்ச் சரித்திரப் புத்தகத்தை எடுத்தேன். சீட்டில் எட்டுக் கோடு இருந்தது. பென்சிலைத் தேடி இரண்டு கோடு போட்டேன். போதாதோ என்று பயந்து அந்த இரண்டின் மேலும் அழுத்தி அழுத்தி எழுதினேன். காகிதம் கிழிந்தது. சாமி, பத்து ஆகிவிட்டது, பத்து ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்குக் கீழே என் பாயில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் ஜீப் திரும்பி வந்துவிட்டது. சேலத்துக்குப் போய் அவ்வளவு சீக்கிரம் வரமுடியாது என்று எனக்குத் தெரியும்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்பா ஒரே வார்த்தையைச் சொன்னார். சாமி சொன்னதைத்தானே செய்தேன் என்றார். காரியம் முடிந்ததும் விளையாட்டுப் பெட்டியை எடுத்துப்போய்க் காபித் தோல் மக்குகிற குழியில் போட்டு மூடினார். அதுதான் பையன் நெஞ்சைக் கெடுத்தது என்று அம்மா நம்பினாளோ இல்லையோ, அவர் நம்ப விரும்பினார். கொட்டச்சேட்டுக்குப் போக வேண்டிய மூன்று படைகளும் அதோடு போயின. அம்மா அதன்பின் என் தலையில் பூ வைத்துவிட்டதில்லை. நானே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஏன் என்று அவளிடம் கேட்கத் துணியவில்லை, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சாமி சொன்னதைத்தானே செய்தேன் என்று அப்பா ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வெளியே போவேன். சாமி சொல்லவில்லை, நான் சொன்னேன் என்று கத்த வேண்டும்போல இருக்கும். கல்யாணம், பிள்ளைகள், வேலை, ஓய்வு எல்லாம் ஆகிவிட்டது. ஒருநாளும் கத்தவில்லை.

போன மாதம் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எண்பத்தேழு வயது. சேலத்தில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். ஆபத்து நேரலாம் என்று தெரிந்தே சம்மதிக்கிறேன் என்கிற அதே வாசகம். நான் கட்டில் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் போனதும் பேசினார்.

"நீ சுளுவாப் போட்டுட்ட கண்ணு. எனக்கு அன்னிக்கிக் கை வரல."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது.

"அந்தத் தாள் என்ற சட்டைச் சோப்புலயே கெடந்துது. போட்டுக் குடுத்து அவன் டேபிள்மேலயே போயிட்டா, நானே கொன்னாப்பல ஆயிருமேன்னு பயம். ரெண்டு பொட்டணத்துலயும் செவப்பரளிதான் வெச்சேன் கண்ணு. கொழந்த எடுத்துக் குடுத்தா உங்கம்மா ஒண்ணும் கேக்கமாட்டான்னு நெனச்சேன். நீ எத எடுத்திருந்தாலும் அதேதான். உன்ற மேல ஒண்ணுமில்ல. நொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்."

முதலில் எனக்கு வந்தது கோபம். அந்த மெலிந்த தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு பயந்த மனிதர் தன் பயத்தை மகளின் கையில் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். கோபத்துக்குப் பின்னால் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானும் ஒன்று சொல்லணுமுங்கப்பா என்று ஆரம்பித்தேன். அதற்குள் தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் என் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார்.

பிழைத்துக்கொண்டார். கம்பி வைத்த இடுப்போடு இப்போது பிடித்துப் பிடித்து நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், குறட்டை விட்டுத் தூங்குகிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், என் பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு. இதைக் கேட்டால் நீங்களும் அதையே சொல்வீர்கள் என்று தெரியும். இரண்டிலும் சிவப்பு இருந்தபோது உன்னால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பீர்கள். அது எனக்குத் தெரியாதே. ஒன்றில் வெள்ளை இருக்கிறது என்றுதான் அன்றைக்கு நான் நம்பினேன். மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறது, வெள்ளை எடு என்று அண்ணன் என்னிடம் கேட்டான். நான் சிவப்பைத் தேடினேன்.